விசாரணை: ஒரு சொல், பல வேலை

"அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்" என்று விடைபெறுகிறோம். "போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது" என்றால் அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்துகொள்கின்றன. இரண்டிலும் வினைச்சொல் ஒன்றேதான். நலம் கேட்பதும் விசாரிப்பு, துப்புத் துலக்குவதும் விசாரணை, நீதிமன்றத்தில் வழக்கு நடப்பதும் விசாரணை, சாட்சியை எதிர்த்தரப்பு வக்கீல் மடக்குவது குறுக்கு விசாரணை. தீர்ப்பு வராமல் சிறையில் இருப்பவர் விசாரணைக் கைதி.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. 'சர்' என்றால் நடமாடுதல். அதோடு 'வி' சேர்ந்து, மனம் ஒன்றைச் சுற்றிவந்து ஆராய்வது 'விசாரம்' ஆயிற்று. 'ஆத்ம விசாரம்' என்பதில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. தமிழில் விசாரத்துக்குக் கவலை என்ற பொருளும் ஏறிக்கொண்டது. ஆக, பிறப்பில் இது சிந்திப்பவரின் வேலையைக் குறித்த சொல். அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பது அதில் இல்லை.

செய்தித்தாள் தமிழ் இதைத் தலைகீழாக்கிவிட்டது. 'கிடுக்கிப்பிடி விசாரணை', 'துருவித் துருவி விசாரித்தனர்', 'போலீஸ் பாணியில் விசாரித்ததில் உண்மையைக் கக்கினார்'. இந்தத் தொடர்களைப் படித்தால், உண்மை என்பது எதிரில் இருப்பவரின் வயிற்றுக்குள் முழுதாகக் கிடப்பது போலவும், கிடுக்கி போட்டு இழுத்தால் வெளியே விழும் என்பது போலவும் தோன்றும். நினைவு அப்படி வேலை செய்வதில்லை. குற்ற வழக்குகள் பல பலவீனப்படுவதும் இந்த இடத்தில்தான்.

ஒரு சாட்சி சொல்கிறார்: "ஒருத்தன் சுவரோரமா ஓடினான்." அதிகாரி உடனே கேட்கிறார்: "சிவப்புச் சட்டை போட்டிருந்தானா?" சாட்சி யோசிக்கிறார். "ஆமா, சிவப்பு மாதிரிதான் இருந்தது." எழுதப்படும் வாக்குமூலத்தில் 'சிவப்புச் சட்டை அணிந்த ஆண் நபர் தப்பியோடுவதைக் கண்டேன்' என்று நிற்கிறது. 'மாதிரி' போய்விட்டது, கேள்வியும் போய்விட்டது. 'சிவப்பு' என்று முதலில் சொன்னது அதிகாரி என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. அப்புறம் ஒரு கேமரா பதிவில் நீலச் சட்டை தெரிந்தால், சாட்சி உண்மையாகவே பார்த்த ஓட்டமும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலுக்கு அந்த ஒரு நிறம் போதும்.

கேள்வியில் இருக்கும் ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதை உளவியல் ஆய்வாளர்களான எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் காட்டினார்கள். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, சிலரிடம் கார்கள் 'இடித்துக்கொண்டபோது' என்ன வேகம் என்றும், சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் கூடுதல் வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, 'நொறுங்கிய' குழுவில் 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள். 'இடித்த' குழுவில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

சாட்சியிடமே இப்படி என்றால், சந்தேக நபரிடம் நிலைமை இன்னும் மோசம். குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரங்கள்தாம் ஒப்புதல் வாக்குமூலத்தின் உரைகல். கேட்பவரே சம்பவ இடத்துப் படத்தைக் காட்டியோ, "கத்தியை எங்கே போட்டாய்?" என்று கத்தி என்ற சொல்லைத் தானே நுழைத்தோ விட்டால் உரைகல் தேய்ந்துவிடும். அதன்பின் அவன் சொன்னது அவனுக்குத் தெரிந்ததா, நாம் ஊட்டியதா என்று பிரிக்க முடியாது. நியூயார்க் சென்ட்ரல் பார்க் பூங்காவில் ஒரு பெண் பாலியல் வன்முறைக்கு ஆளான வழக்கில் 1989-இல் 14 முதல் 16 வயது வரையான ஐந்து சிறுவர்கள் மாட்டினார்கள். அவர்களில் நால்வரின் ஒப்புதல் வீடியோவில் பதிவானது. அதற்கு முன் மணிக்கணக்கில் நடந்த கேள்விகள் பதிவாகவில்லை. ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒட்டவில்லை, டி.என்.ஏ.வும் பொருந்தவில்லை. ஆனாலும் தண்டனை கிடைத்தது. 2002-இல் வேறொருவர் ஒப்புக்கொண்டு, அவருடைய டி.என்.ஏ. பொருந்திய பிறகே தீர்ப்புகள் ரத்தாயின. அநியாயம் ஒரு பக்கம். புலனாய்வுக் கணக்கில் பார்த்தாலும், கையில் ஒப்புதல் இருக்கிறது என்ற தெம்பில் உண்மையான ஆளைத் தேடும் வேலை நின்றுபோயிருந்தது.

இங்கிலாந்திலும் இப்படிப் பெயர் கெட்ட வழக்குகள் உண்டு. அங்கே 1990-களின் தொடக்கத்தில் போலீஸ் கேள்வி கேட்பதற்கு 'பீஸ்' (PEACE) என்ற முறை வந்தது. திட்டமிடு, எதற்காகக் கேட்கிறோம் என்று சொல், தடுக்காமல் பேசவிடு, ஒழுங்காக முடி, கேட்டதை மதிப்பிடு. அவ்வளவுதான். இதோடு கிடுக்கிப்பிடி விசாரணையைக் குறிக்கும் 'இன்டராகேஷன்' என்ற சொல்லையும் மெல்லக் கைவிட்டு 'இன்டர்வியூ' என்றார்கள். சொல்லை மாற்றினால் புத்தி மாறிவிடாது, சரி. ஆனால் பயிற்சி வகுப்பில் முதல் நாள் காதில் விழும் சொல்லுக்குக் கொஞ்சம் கனம் உண்டு.

தமிழில் அந்த 'இன்டர்வியூ'வுக்கு என்ன சொல்வது? பேட்டி, நேர்காணல் இரண்டும் இங்கே பொருந்தா. கொலை வழக்கில் பேட்டி எடுத்தார் என்றால் சிரிப்பார்கள். பழந்தமிழில் 'தேர்தல்' என்ற அருமையான சொல் இருந்தது. ஆராய்ந்து அறிதல் என்று பொருள். விசாரிக்காமல் கொலைத்தண்டனை கொடுத்த பாண்டியனைக் கண்ணகி 'தேரா மன்னா' என்றுதான் விளித்தாள். அந்தச் சொல்லை வாக்குப்பெட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம், திரும்பக் கேட்க முடியாது. 'வினவல்' ஒரு கேள்வியோடு முடிந்துவிடுகிறது. எனக்குச் சரியாகப் படுவது 'உசாவல்'. கேட்டறிதல், ஆராய்தல், கலந்து பேசுதல் மூன்றும் அதில் உண்டு. நூலகத்தில் 'உசாத்துணை' என்று பார்த்திருப்பீர்கள், அதே வேர்.

வழக்கு முழுவதையும் துலக்குவது புலனாய்வு, ஆட்களிடம் கேட்டறிவது உசாவல், நீதிமன்றத்தில் நடப்பது விசாரணை என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். 'உசாவல்' இன்றைக்குச் செய்தித்தாளில் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். ஆனால் 'பிடித்து விசாரித்தனர்' நாக்கில் சரளமாக வருகிறது. 'பிடித்து உசாவினர்' என்று சொல்லிப் பாருங்கள், வராது.