வரைபடத்தில பெரிய புள்ளி எண்டா பெரும்புள்ளியோ?

போன கிழமை ஒரு பெடியன் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சியில என்ர அறைக்கு வந்தான், "அண்ணை, பயங்கரவாத வலையமைப்பைக் கண்டுபிடிக்கிற புரொஜெக்ட், பாருங்கோ" எண்டு. பரிசோதிக்கிறதுக்கு தன்ர ஊர்ச் சனத்திட்டயே கோல் பட்டியல் வாங்கிப் போட்டிருக்கிறான். ஸ்கிரீன்ல ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி, ஆரோட ஆர் கதைச்சவை எண்டதுக்கு ஒரு கோடு, கோடு கூடினாப் புள்ளி பெருசு. நடுவில பெரிய சிவப்புப் புள்ளி. "இவர்தான் தலைவர்." ஆரெண்டு பாத்தா பரந்தன் பக்கம் ஓட்டோ ஓடுற மனுசன்! இந்த வருசத்தில இது நாலாவது, போனமுறை வந்த பிள்ளையின்ர படத்தில தண்ணி பவுசர்காரர் தலைவர்.

தம்பிமாரே, கனபேரோட கதைக்கிறது அவரின்ர தொழில். கோல் வராட்டி அந்த வீட்டில உலை கொதிக்காது. கம்ப்யூட்டர் கோடுகளை எண்ணும், ஏன் கதைச்சவை எண்டு அதுக்குத் தெரியாது. சரி, ரெண்டு கூட்டத்துக்கு இடையில பாலமா நிக்கிற ஆளைத் தேடுவம் எண்டு வேற அளவையால பாத்தாலும் ஓட்டோ அண்ணைதான் வருவார், பரந்தனையும் புதுக்குடியிருப்பையும் அவர்தானே தினம் இணைக்கிறார்.

எல்லாரும் எனக்குக் காட்டுறது வால்டிஸ் கிரெப்ஸ் எண்ட வலையமைப்பு ஆய்வாளரின்ர வேலையை. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பேப்பர்ல வந்த செய்தியளை வச்சு 19 விமானக் கடத்தல்காரரின்ர தொடர்பை வரைஞ்சவர், அவையின்ர தலைவன் மொஹமட் அட்டா நடுவில வந்தான், உண்மைதான். மிச்சத்தை ஏன் வாசிக்கிறியள் இல்லை? அந்த 19 பேருக்குள்ள ஒராளிட்ட இருந்து இன்னொராளிட்டப் போக சராசரி 4.75 படி (நேரடித் தொடர்பு எண்டா ஒரு படி, இடையில ஒராள் எண்டா ரெண்டு படி). ஒரே பிளேன்ல ஏறினவையே கனபேர் ரெண்டு படிக்கு மேல தள்ளித்தான் நிண்டவை. ஒளிச்சு வேலை செய்யிறவன் கதைக்கிறதைக் குறைப்பான், அவன்ர புள்ளி சின்னனாத்தான் இருக்கும். அதோட அந்தப் படம் ஆரார் எண்டு தெரிஞ்சாப்பிறகு கீறினது, நீங்கள் தெரியாமக் கீறுறியள்.

படி கூடக் கூட இன்னும் மோசம். ஒராளுக்கு 100 தொடர்பு எண்டு வையுங்கோ, மூண்டாம் படியில 10 லட்சம். வன்னி முழுக்கக் கூட்டினாலும் அவ்வளவு சனம் இல்லை. சந்தேக நம்பரில இருந்து கோல் பட்டியல்ல மூண்டு படி போய்க்கொண்டிருந்த அமெரிக்க உளவு நிறுவனமே (NSA) 2014 இல அதை ரெண்டாக் குறைச்சது.

இந்த முறையே வேண்டாம் எண்டு சொல்லேல்ல, நானும் வங்கி மோசடி வேலையில இதைத்தான் பாவிக்கிறன். அடுத்ததா ஆரிட்ட என்ன கேக்கலாம் எண்டதுக்கு மட்டும் படத்தைப் பாருங்கோ. காசுப் போக்குவரத்து, பயணம் எண்டு வேற சாட்சியும் சேராம ஒருத்தருக்கும் "தலைவர்" பட்டம் குடுக்காதேங்கோ. 1979 இல தற்காலிகம் எண்டு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தோட சீவிச்ச சனம் இது, போன்ல ஒரு நம்பர் கிடந்ததுக்கு விளக்கம் சொல்லி அலைஞ்ச கதை எத்தினை வீட்டில இருக்கு.

சனத்துக்கும் ஒண்டு, உங்கட பேரில சிம் எடுத்து மற்றாக்களுக்குக் குடுக்காதேங்கோ, அவை கதைக்கிறதும் உங்கட புள்ளியிலதான் விழும். எத்தினைதரம் சொல்லுறது!

பெடியங்களிட்ட ஒரு கெஞ்சல். பேரை அழிச்சுப்போட்டு நம்பருக்குக் குறியீடு போட்டாக் காணாது, சின்ன ஊரில கோட்டின்ர வடிவத்தைப் பாத்தே ஆளைச் சொல்லிப்போடுவினம். உங்களை நம்பித் தந்த பட்டியல் அது, இண்டைக்கே அழிச்சுவிடுங்கோ ராசா.