ராணி விழுந்தாச்சு, ஜாக்கி எங்கே?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போனில் கம்ப்யூட்டரோடு பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் ஆடுவாராம். எதிராளியின் ராணி முதல் சுற்றிலேயே விழுந்துவிட்டால், ஜாக்கியும் அதே ஆளிடம் இருக்கிறதா, இன்னொருவரிடம் இருக்கிறதா என்று குழம்பி, பாதிக்குப் பாதிதானே என்று ஏதோ ஒன்றைப் போடுவாராம். கம்ப்யூட்டரோ இன்னொருவரிடம்தான் இருக்கிறது என்று வைத்து ஆடி, பெரும்பாலும் ஜெயித்துவிடுகிறதாம். "அது என் சீட்டை எட்டிப் பார்க்கிறதா?"

எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பாதிக்குப் பாதி என்பதுதான் தப்பு.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 52 சீட்டு, நாலு பேர், ஆளுக்கு 13. எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள். 28, 304 ஆடியவர்களுக்கு மீதியும் பழக்கமானதுதான்: முதலில் ஏலம், அப்புறம் ஆட்டம். நாலு பேரும் ஒரே இனத்தில் ஆளுக்கொரு சீட்டு போட, பெரிய சீட்டுக்காரர் எடுக்கும் சுற்றுக்குப் பிடி என்று பெயர். மற்ற இனங்களை வெட்டும் இனம் துருப்பு. எது துருப்பு, 13 பிடியில் எத்தனை எங்களுடையது என்று ஏலம் கேட்க வேண்டும். ஏலம் எடுத்த கட்சியில் ஒருவர் ஆடுவார், அவருடைய கூட்டாளி சீட்டை மேசைமேல் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவருக்கு டம்மி என்று பெயர். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று புள்ளி எண்ணிக்கொண்டுதான் ஏலத்தில் இறங்குவார்கள். கட்டில் மொத்தம் 40 புள்ளி.

ஏலத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கேட்கக்கூடியவை மொத்தம் 35தான், அதோடு பாஸ், டபுள், ரீடபுள் சேர்த்தால் 38 சொற்கள். இந்த 38 சொல்லை வைத்துக்கொண்டு உங்கள் கையில் இருக்கும் 13 சீட்டைக் கூட்டாளிக்குப் புரியவைக்க வேண்டும், அதுவும் ரகசிய பாஷை எதுவும் இல்லாமல். எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் வைத்திருக்கிறீர்கள் என்று எதிராளி கேட்டால் சொல்லியாக வேண்டும். அதனால் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதைக் கவனிப்பதுதான் பாதி ஆட்டம். ஒருவர் பாஸ் சொன்னார் என்றால், 13 புள்ளி இருந்திருந்தால் வாய் திறந்திருப்பார், திறக்கவில்லை, ஆக இல்லை. அவர் வேறென்ன செய்திருக்க முடியும் என்ற இந்தக் கேள்வியை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள், ராணி விஷயத்திலும் இதுதான் வரப்போகிறது.

ஸ்பேடு துருப்பு. உங்கள் கையில் ஏஸ், 7, 6, 5, 3. டம்மியில் ராஜா, 10, 9, 2. மொத்தம் ஒன்பது சீட்டு உங்களுடையது. எதிராளிகளிடம் இருப்பது ராணி, ஜாக்கி, 8, 4. நீங்கள் ஏஸ் இறக்குகிறீர்கள். இடது கைக்காரர் 4 போடுகிறார், டம்மியிலிருந்து 2, வலது கைக்காரரிடமிருந்து ராணி விழுகிறது! அடுத்து கையிலிருந்து 3 இறக்குகிறீர்கள், இடது கைக்காரர் 8 போடுகிறார். இப்போது டம்மியிலிருந்து ராஜாவா, 10ஆ? ஜாக்கி வலது பக்கம் இருந்தால் ராஜா போட்டால் விழும். இடது பக்கம் இருந்தால் 10 போதும், ஜாக்கி பின்னால் மாட்டிக்கொள்ளும். இப்படிச் சின்னச் சீட்டை வைத்துப் பெரிய சீட்டைத் தாண்டிப் போவதற்கு ஃபினெஸ் என்று பெயர்.

வலது கைக்காரர் இந்தச் சுற்றில் ராணியோ ஜாக்கியோ போட வேண்டிய கட்டாயம் மூன்று சமயத்தில்தான் வரும். ராணி, ஜாக்கி இரண்டு மட்டும் அவரிடம் இருக்கலாம். ராணி மட்டும் இருக்கலாம். ஜாக்கி மட்டும் இருக்கலாம். பத்தாம் வகுப்பு நிகழ்தகவை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்: ஆயிரம் ஆட்டத்துக்கு முதல் வகை சுமார் 68, மற்றவை ஆளுக்கு 62. நம் வாசகர் இங்கேதான் சறுக்குகிறார். ராணி விழுந்தாச்சு, ஆகவே ஜாக்கி மட்டும் என்ற வகை போச்சு, மிச்சம் 68க்கு 62, கிட்டத்தட்ட சமம், ராஜாவையே அடிப்போம் என்று.

அந்த 68 முழுசாக 68 இல்லை. இரண்டும் கையில் இருப்பவருக்கு எதை வேண்டுமானாலும் போடும் சுதந்திரம் இருக்கிறது, ஏனென்றால் இரண்டும் சம பலம். பாதி தடவை ராணி போடுவார், பாதி தடவை ஜாக்கி போடுவார். ஆகவே இரண்டும் இருந்து ராணி விழுவது 34 தடவை மட்டுமே. ராணி தனியாக இருந்தவருக்கோ வேறு வழி இல்லை, 62 தடவையும் ராணிதான். 34க்கு 62! ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஜாக்கி இடது பக்கம்தான். பிரிட்ஜ்காரர்கள் இதைக் கட்டுப்பட்ட தேர்வு விதி என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து 1950களிலேயே எழுதிவிட்டார்கள். 1990இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் மூன்று கதவு, ஒரு கார், இரண்டு ஆடு என்ற புதிர் (நீங்கள் ஒரு கதவைத் தேர்ந்தெடுத்ததும், நடத்துபவர் ஆடு இருக்கும் வேறொரு கதவைத் திறந்து காட்டி, மாற்றிக்கொள்கிறீர்களா என்பார்) வந்து பேராசிரியர்கள்கூடத் தப்புத் தப்பாகச் சண்டை போட்டார்களே, அதுவும் இதே கணக்குதான். பிரிட்ஜ் மேசையில் நாற்பது வருடப் பழைய சரக்கு.

சரி, அந்த ஆள் இரண்டும் இருந்தால் எப்போதும் ராணியைத்தான் போடுவார் என்றால்? அவருடைய பழக்கம் எதுவானாலும், நீங்கள் எப்போதும் 10 போட்டால் 68, 62, 62 சேர்ந்த இந்த 192 ஆட்டத்தில் 124 ஜெயிப்பீர்கள். பழக்கம் உங்களுக்குத் தெரிந்துபோனால் இன்னும் லாபம்: ராணி விழுந்தால் ராஜா போட்டு 68, ஜாக்கி விழுந்தால் 10 போட்டு 62, மொத்தம் 130. பழக்கத்தை மாற்றாததற்கு அவர் கொடுக்கும் அபராதம் ஆறு ஆட்டம். நல்ல ஆட்டக்காரர் மனசுக்குள் காசு சுண்டிவிட்டுத்தான் ராணியா ஜாக்கியா என்று முடிவு செய்ய வேண்டும் என்பது எனக்கு எத்தனை தடவை யோசித்தாலும் சலிக்காத விஷயம். திறமைசாலி வேண்டுமென்றே குருட்டாம்போக்கில் ஆடியாக வேண்டிய இடம் இது.

இதையெல்லாம் கைராசி என்று முடித்துவிடுகிறோம். இடம் மாறி உட்கார்ந்தால் சீட்டு வரும் என்று நம்புகிற மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள், அடுத்த கையில் நல்ல சீட்டு வந்துவிட்டால் அவர்களைப் பிடிக்கவே முடியாது. நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 52 சீட்டை வைத்துத்தான் கேள்வி வருகிறது. சீட்டுக்கட்டையே தொட்டுப் பார்த்திராத பிள்ளைகள் கிளாவர் கறுப்பு, டைமண்ட் சிவப்பு என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். ஒரு கட்டு வாங்க என்ன செலவாகிவிடும்? ஸ்மார்ட் வகுப்பறைக்கு ஒதுக்கும் பணத்தில் நூறில் ஒரு பங்கைக் கொடுங்கள், நிகழ்தகவு எல்லோருக்கும் புரிந்துவிடும் என்பது என் கட்சி. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜில் தங்கம் வாங்கினார்கள். பர்தனுக்கு அப்போது 60 வயது. "சீட்டாடியா தங்கம்?" என்று கேட்டுச் சிரித்தவர்களில் என் வீட்டு ஆட்களும் உண்டு.

வாசகருக்கு ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். எப்போதும் 10தான் என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். ஏலத்தில் உங்கள் இடது கைக்காரர் எடுத்த எடுப்பில் 3 ஹார்ட் கேட்டிருந்தார் என்று வையுங்கள். அதற்குச் சாதாரணமாக அர்த்தம், புள்ளி குறைவு, ஆனால் ஹார்ட் ஏழு. உங்களிடமும் டம்மியிலும் சேர்த்து ஹார்ட் நாலு என்றால், வலது கைக்காரரிடம் இரண்டுதான். ஹார்ட் போக இடது கையில் மீதி ஆறு இடம், வலது கையில் பதினொன்று. ஸ்பேடு நாலும் அந்த இடங்களில்தான் விழுந்திருக்க வேண்டும், இடது பக்கம் நெருக்கடி, வலது பக்கம் தாராளம். மறுபடி கணக்குப் போட்டால், ராணி விழுந்த பிறகு, சுதந்திரத்துக்குப் பாதி கழித்தும்கூட, ஜாக்கி வலது பக்கம் இருப்பதற்கு 5, இடது பக்கம் இருப்பதற்கு 4. அன்றைக்கு ராஜாவைத்தான் போட வேண்டும். உங்கள் கம்ப்யூட்டர் ஏலத்தையும் கவனிக்கிறதா என்று அந்தக் கையில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.