தாழ்நிலக் காணியைத் திருத்தப் போகிறீர்களா? திருகோணமலையில் முதலில் கேட்க வேண்டிய இடங்கள்

திருகோணமலைப் பக்கம் காணி திருத்துவது என்றாலே டிப்பரும் பெக்கோவும்தான். பள்ளத்தைக் கிரவல் போட்டு நிரப்பு, மட்டம் பிடி, சுற்றி வேலியை அடை. மேட்டுக் காணியில் இதை யாரும் பெரிதாகக் கேட்கப் போவதில்லை. காணி வயலோடு, களப்போடு, ஆற்றோடு, குளத்து நீர் ஏறி இறங்குகிற அலைகரையோடு ஒட்டிக் கிடந்தால் 'என் உறுதிக்காணி, என் காசு' என்ற பேச்சு அங்கே எடுபடாது. முதல் லோட் விழுவதற்கு முன் எழுத்தில் அனுமதி வேண்டும். அதை யாரிடம் எடுப்பது என்பதில்தான் பலருக்குத் தலை சுற்றுகிறது.

சுற்றுவதற்குக் காரணமும் இருக்கிறது. இலங்கையில் ஈரநிலச் சட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது. 1990இல் நாடு, ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் உடன்படிக்கையில் சேர்ந்தது. 2006இல் தேசிய ஈரநிலக் கொள்கை வந்தது. ராம்சார் பட்டியலில் புந்தல, வங்காலை, குமண, வில்பத்து போன்ற இடங்கள் உள்ளன. திருகோணமலை மாவட்டத்து இடம் எதுவும் அதில் இல்லை. இதை வைத்துக்கொண்டு "இந்தப் பக்கம் ஒரு கட்டுப்பாடும் இல்லை, தம்பி" என்று காணி விற்கிற தரகர்கள் உண்டு. மகாவலி வந்து கடலில் விழுகிற மாவட்டம் இது, நம்பிவிட வேண்டாம். கட்டுப்பாடு இருக்கிறது, ஆனால் பல சட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு திணைக்களம், ஒவ்வொரு திணைக்களத்துக்கும் ஒரு வரைபடம்.

வயல் என்று எழுதப்பட்ட காணி

கிராமத்தில் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, வயலை நிரப்பவோ அதில் கட்டடம் எழுப்பவோ மண் அள்ளவோ கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி தேவை. காணி உறுதியில் இருந்தாலும் பெர்மிட்டில் இருந்தாலும் இதில் வேறுபாடில்லை.

'இப்போது அங்கே ஒன்றும் விதைப்பதில்லையே' என்பதுதான் வழக்கமான பதில். அது உதவாது. சட்டம் வயல் என்று சொல்வது இன்று நெல் நிற்கும் நிலத்தை மட்டுமல்ல. முன்பு எப்போதாவது நெல் விதைத்து, இன்னும் அதற்குத் தோதாக இருக்கிற நிலமும் வயல்தான். நம் மாவட்டத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1990இலும் 2006இலும் ஆட்கள் இடம்பெயர்ந்து போக, விட்டுப்போன வயல்கள் எத்தனையோ பற்றைக்காடாகிவிட்டன. பற்றை வெட்டிப் பார்த்தால் வரம்பு தெரியும். பதிவேட்டில் அது இன்னும் வயல்தான். சில இடங்களில் அதே துண்டு வனத் திணைக்களத்தின் வரைபடத்துக்குள்ளும் போயிருக்கும். அப்படியானால் அனுமதிக்கு முன் வனத் திணைக்களத்தோடு அந்தப் பிணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கும்.

வயலா, மேடா என்பதைத் தெரிந்துகொள்ள உறுதியை எடுத்து நான்கு எல்லைகளையும் நிதானமாக வாசியுங்கள். வாங்குகிறவர்கள் பரப்பையும் விலையையும் பார்க்கிறார்களே தவிர, எல்லைப் பந்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னாருடைய வயல், மேற்கே ஆறு என்று இருந்தால், முன்பக்கத்தில் தென்னந்தோட்டம் என்று எழுதியிருந்தாலும் கொஞ்சம் நின்று விசாரிப்பது நல்லது. அடுத்தது, அந்தக் காணிக்கு ஏக்கர் வரி கட்டிய பற்றுச்சீட்டு இருக்கிறதா, யாராவது மானிய உரம் எடுத்திருக்கிறார்களா என்று பக்கத்து வயற்காரரிடம் கேளுங்கள். மானிய உரம் எடுத்த காணி என்றால் கமநல சேவை நிலையத்துப் பதிவேட்டில் நெற்காணியாகப் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு "அது வயலே இல்லை, ஐயா" என்று உத்தியோகத்தரிடம் சொல்வதில் பயனில்லை.

விண்ணப்பம் கொடுப்பதும் அதே கமநல சேவை நிலையத்தில்தான். உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி, அளவைப்படம், என்ன செய்யப் போகிறீர்கள் என்ற விளக்கம் இவை வேண்டும். கள ஆய்வு நடக்கும், கமக்கார அமைப்பிடமும் கருத்துக் கேட்பார்கள். முடிவு மேலிடத்திலிருந்து வர வேண்டியிருப்பதால் அவசரப்பட்டு மேசனுக்கு முற்பணம் கொடுத்துவிட வேண்டாம்.

கள ஆய்வுக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது தண்ணீரை. மேல் வயலின் வடிச்சல் எந்த வழியாக இறங்குகிறது, உங்கள் மண்மேடு அதைத் தடுக்குமா, தடுத்தால் யாருடைய பயிர் அழுகும் என்பதுதான் கேள்வி. தம்பலகாமம் மாதிரி வயல் வயலாக இறங்கிப் போகிற வெளியில், நடுவில் ஒருவர் மூன்றடி உயர்த்தினால் மாரியில் பின்னால் இருப்பவரின் வயல் குளமாகிவிடும். கமக்கார அமைப்பில் எதிர்ப்பு வருவதும் இதனால்தான். அதனால் வடிச்சலுக்கு எவ்வளவு அகலம் விடுகிறீர்கள், எங்கே மதகுக் குழாய் போடுகிறீர்கள் என்று அளவைப்படத்திலேயே கோடு போட்டுக் காட்டி விண்ணப்பியுங்கள். பக்கத்து வயற்காரர்களிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். காணியின் ஒரு மூலையில் இயற்கையாகவே மேடு இருந்தால், வீட்டை அங்கே வைத்துக்கொண்டு வயல் பகுதியைத் தொடாமல் விடுவதுதான் என் அபிப்பிராயத்தில் எல்லாவற்றிலும் மலிவான வழி. தூண் போட்டு உயர்த்திக் கட்டினால் நிரப்பியதாகாது என்று நினைப்பவர்களும் உண்டு; வயலில் கட்டடம் என்றால் தூணில் நின்றாலும் அனுமதி வேண்டும்.

கந்தளாய், அல்லை மாதிரியான குடியேற்றத் திட்டங்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு படி உண்டு. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பெர்மிட் காணி அது. வயல் துண்டு எது, மேட்டுத் துண்டு எது என்று பத்திரத்திலேயே பிரித்திருக்கும், நிபந்தனைகளும் எழுதியிருக்கும். அவற்றை மாற்றுவதென்றால் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியைப் பார்க்காமல் நகர முடியாது.

களப்பும் கடலும்

கடற்கரையில் 'எத்தனை அடி விட வேண்டும்' என்று எல்லோரும் கேட்கிறார்கள். களப்போரத்தில் இருப்பவர்கள் கேட்பதில்லை, ஆனால் அவர்களும் அதே சட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு நிரந்தரமாகவோ இடைக்கிடையோ தொடுக்கிற ஆறு, ஓடை, களப்பு என்றால் வலயம் அதன் வாயிலிருந்து உள்ளே 2 கிலோமீற்றர் வரை போகும். 2011இல் வந்த திருத்தம் அந்த நீர்நிலைகளின் ஓரத்தில் தரைப்பக்கமாக இன்னும் 100 மீற்றரைச் சேர்த்தது. கிண்ணியா, உப்பாறு, இறக்கக்கண்டி, குச்சவெளி, புல்மோட்டை என்று கடலைக் கண்ணால் பார்க்க முடியாத வளவுகள்கூட இதற்குள் விழலாம்.

இந்த வலயத்துக்குள் கட்டடம், மதில், நிரப்புதல், தோண்டுதல், மணல் அள்ளுதல், கண்டல் வெட்டுதல் எல்லாம் அபிவிருத்தி வேலைகளாகக் கணக்கிடப்படும்; கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. சில சிறிய வேலைகளுக்கான விண்ணப்பம் பிரதேச செயலகம் வழியாகவே முடிந்துவிடும், ஆகவே அங்கேயே முதலில் கேளுங்கள். பயிர் செய்வதும் மரம் நடுவதும் இந்த அனுமதிக்குள் வராது. தென்னங்கன்று வைக்க யாரிடமும் போக வேண்டியதில்லை. அந்தத் தென்னைக்கு இடம் எடுக்கக் கண்டலை வெட்டினால்தான் வில்லங்கம். தில்லை மரம் நிற்கிற இடத்தில் வெட்டும் ஆளின் கண்ணுக்கும் அதன் பாலால் ஆபத்து. அதையும் சொல்லி வைக்கிறேன்.

அனுமதி இல்லாமல் கட்டியதை இடிக்கவும் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம்.

நிலாவெளிப் பக்கம் காணி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் 2009இல் வந்த திருத்தம், தேசிய ஒதுக்கங்களின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனசீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. தேசிய பூங்கா அந்த ஒதுக்கங்களில் ஒரு வகை. புறாமலைத் தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா. கரையிலிருந்து அதற்குச் சுமார் 1 கிலோமீற்றர். ஒரு மைல் என்பது 1.6 கிலோமீற்றர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். மாவட்டத்தின் தென்கோடியில் சோமாவதி தேசிய பூங்காவை ஒட்டியிருப்பவர்களுக்கும் இதே விதிதான். சரணாலயம் வேறு. கொக்கிளாய், சேருவில-அல்லை மாதிரியான சரணாலயங்களுக்குள் தனியார் காணியும் இருக்கலாம். அதற்காக அங்கே கூடு கலைக்கவோ விலங்கு பிடிக்கவோ உரிமை இருக்கிறது என்று பொருளில்லை.

குளம், ஆறு, பெரிய நிரப்பு வேலை

குளத்து அலைகரை கோடையில் அழகான சமதரையாகக் கிடக்கும். ஆடி ஆவணியில் வந்து பார்த்து விலை பேசி, கார்த்திகையில் தண்ணீருக்குள் வேலியைத் தேடுகிறவர்களை இங்கே எல்லா ஊரிலும் காணலாம். அலைகரையும் குளத்து ஒதுக்கமும் யாருக்கும் விற்கக் கூடியவை அல்ல. 80 ஹெக்டேயருக்குக் குறைவான வயலுக்குப் பாய்ச்சும் சிறு குளமென்றால் கமநலத் திணைக்களம், பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். ஒதுக்க எல்லை எதுவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மகாவலி, வெருகலாற்றுக் கரையில் மாரி வெள்ளம் எவ்வளவு தூரம் ஏறும் என்பதை அளவைப்படம் சொல்லாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மூதூர், வெருகல் பக்கம் தண்ணீர் எங்கே நின்றது என்று அந்த ஊரவரைக் கேட்டாலே போதும்.

1993ஆம் ஆண்டுச் சுற்றாடல் ஒழுங்குவிதிகளின்படி 4 ஹெக்டேயருக்கு, அதாவது கிட்டத்தட்ட 10 ஏக்கருக்கு, மேல் ஈரநிலத்தை நிரப்பும் திட்டத்துக்குச் சுற்றாடல் மதிப்பீடு கட்டாயம். இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு '10 ஏக்கருக்குக் கீழே என்றால் கேட்பாரில்லை' என்கிறார்கள். அந்த ஒரு அறிக்கை பொதுவாக வேண்டாம் என்பது மட்டும்தான் சரி. கமநலம், கரையோரம், வனசீவராசிகள் என்று மேலே சொன்ன எதுவும் இதனால் இல்லாமல் போகாது.

நிரப்புகிற கிரவலுக்கும் சட்டம் உண்டு. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, அதைத் தோண்டவும் ஏற்றவும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி தேவை. டிப்பர் சாரதியிடம் பெர்மிட்டைக் கேளுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பொலிஸார் வழியில் மறித்தால் வண்டியும் நிற்கும், உங்கள் வேலையும் நிற்கும்.

பிரதேச சபை கட்டட வரைபடத்துக்குக் கொடுக்கிற அனுமதி இவற்றுக்கெல்லாம் பதிலாகாது. ஒழுங்காக நடக்கிற சபை மற்றத் திணைக்களங்களின் கடிதத்தைக் கேட்டுத்தான் கோப்பைத் திறக்கும். கேட்காமலே அனுமதி தந்தால் சந்தோஷப்பட வேண்டாம், பிறகு வழக்கு வரும்போது சபை உங்களோடு வந்து நிற்காது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? கிராம உத்தியோகத்தர், அப்புறம் கமநல சேவை நிலையம், அதன்பின் பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரும் சுற்றாடல் உத்தியோகத்தரும். இந்த வரிசையில் போனால் எந்தத் திணைக்களம் உங்களுக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பது தெரிந்துவிடும். 'இங்கே எங்கள் அனுமதி தேவையில்லை' என்று ஒரு அலுவலகம் சொன்னால் அதையும் கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழிச் சம்மதம் அந்த உத்தியோகத்தர் இடமாற்றம் பெறும் வரைக்கும்தான்.

ஏற்கனவே மண் கொட்டி, நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்திருந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்துங்கள். கடிதத்துக்குப் பிறகு விழுகிற ஒவ்வொரு லோடும் உங்களுக்கு எதிரான சாட்சி. வயல் என்றால் கொட்டியதை அள்ளிப் பழைய நிலைக்குக் கொண்டுவர உத்தரவு வரலாம், அந்தச் செலவும் உங்களுடையதே.

பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்ட யாராவது தயங்கினால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி, ஆகவே விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம், பதிலையும் தமிழில் கேட்கலாம். காணியின் பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவு, அளவைப்பட இலக்கம் மூன்றையும் அதில் குறிப்பிட்டு, கொடுத்ததற்கான பற்றுச்சீட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.