இடுப்பு முதுகெலும்பு இணைப்பு: எலும்பு கூடியதா என்று எப்படிக் கண்டறிகிறார்கள்?

அறுவைச் சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகிறது. எக்ஸ்ரே படத்தில் திருகாணிகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன, கம்பிகள் முறியவில்லை. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அந்தப் படம் உலோகத்தைப் பற்றித்தான் உறுதியாகப் பேசுகிறது. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே எலும்பு வளர்ந்து ஒன்றாகக் கூடிவிட்டதா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை காண்பது பலர் நினைப்பதைவிடக் கடினம்.

இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளான எல்4, எல்5 இரண்டையும் இணைக்கும்போது, நடுவில் மெத்தைபோல் உள்ள வட்டை (டிஸ்க்) எடுத்துவிட்டு, எலும்புத் துண்டுகள் நிரப்பிய சிறு கூண்டு ஒன்றை அங்கே வைப்பார்கள். பின்புறம் நான்கு திருகாணிகளும் இரண்டு கம்பிகளும் அந்த இடத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும். இந்தப் பிடிமானம் தற்காலிகமானது. நடக்கும்போதும் குனியும்போதும் உலோகம் துளித்துளியாக வளைந்து நிமிர்கிறது. எலும்பு கூடிவிட்டால் பாரம் அதற்கு மாறிவிடும். கூடாவிட்டால், ஒரு கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதுபோல, என்றாவது கம்பி முறியும். அல்லது திருகாணி எலும்புக்குள் ஆடத் தொடங்கும்.

கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 மாதம் பிடிக்கும். சிலருக்கு இரண்டு ஆண்டுகூட ஆகலாம். முதல் வாரங்களில் இரத்தக் கட்டும் வீக்கமும், பிறகு புதிய இரத்தக் குழாய்கள், அதன்பின் ஒழுங்கில்லாத இளம் எலும்பு. பாரம் விழும் திசையில் அது தன்னைத் திருத்திக்கொள்வது கடைசிக் கட்டம். அதனால் மூன்றாம் மாதப் படம் மங்கலாகத் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. ஓராண்டுக்கு முன் ‘கூடவில்லை’ என்று தீர்ப்பு எழுதுவதும் அவசரம்தான்.

சாதாரண எக்ஸ்ரே எவ்வளவு நம்பத்தக்கது? மறுபடியும் திறந்து நேரில் பார்த்ததோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான் படம் சரியாகச் சொன்னது. ஆகவே குனிந்து ஒன்று, பின்னால் சாய்ந்து ஒன்று என இரண்டு பக்கவாட்டுப் படங்கள் எடுத்து அசைவை அளக்கிறார்கள். கோண மாற்றம் 5 பாகைக்கும் இடப்பெயர்ச்சி 3 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது பரவலாகக் கையாளப்படும் எல்லை. இங்கே ஒரு சிக்கல். கோடு போட்டு அளப்பதிலேயே சில பாகை பிழை வரும். வலிக்குப் பயந்து நோயாளி முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மட்டும் மடங்கினால், எதுவுமே அசையாது. படம் பொய்யான நற்செய்தி சொல்லும். திருகாணியும் கம்பியும் உறுதியாக இருக்கும்வரை, கூடாத எலும்புகூட அசையாமல் நிற்கும். அசையவில்லை என்பது கூடியதற்குச் சான்றாகாது.

இன்று பெரிதும் நம்பப்படுவது சிடி ஸ்கேன். 1 மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லிய வெட்டுகளாக எடுத்து, பக்கவாட்டிலும் முன்பக்கத்திலிருந்தும் பார்ப்பதுபோல் மறுவடிவம் செய்ய வேண்டும். குறுக்குவெட்டை மட்டும் பார்த்தால், கிடையாக ஓடும் இடைவெளி கண்ணுக்குத் தப்பிவிடும். பக்கவாட்டு வெட்டில் கூண்டின் நடுத்துளைக்கு வாருங்கள். எல்4-இன் அடித்தட்டிலிருந்து கிளம்பும் வெள்ளை இழைகள் அறுபடாமல் எல்5-இன் மேல்தட்டைத் தொட்டால் அது பாலம். பாதியில் ஒரு கறுப்புக் கோடு கிடையாக ஓடினால், மேலும் கீழும் எலும்பு வளர்ந்தும் நடுவில் சேரவில்லை. கூண்டுக்கு முன்னாலும் பாருங்கள்: அங்கே எலும்பு வளைந்து மூடியிருப்பது நல்ல அறிகுறி. திருகாணியைச் சுற்றி 1 மில்லிமீட்டருக்கு மேல் கறுப்பு வளையம், தட்டுகளில் புதிதாகக் குழிகள், வட்டு இருந்த இடத்தில் வாயு ஆகியவை கெட்ட அறிகுறிகள். கூண்டு சற்றே எலும்புக்குள் இறங்கியிருந்தால் அதை மட்டும் வைத்துத் தோல்வி என்று சொல்ல முடியாது.

கூண்டு எதனால் ஆனது என்பதும் முக்கியம். டைட்டானியம் உலோகம் படத்தில் சுற்றிலும் கீற்றுகளைப் பரப்பி உள்ளிருப்பதை ஓரளவு மறைக்கும். பீக் எனும் பிளாஸ்டிக் கூண்டு படத்தில் மறைக்காது. அது இருக்கும் இடத்தை அதில் பதித்த டாண்டலம் உலோகப் புள்ளிகள் காட்டும். சிடி எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு தரும். எனவே வலியில்லாதவருக்கு வழக்கமாக எடுத்துக்கொண்டே இருப்பது சரியல்ல. எம்ஆர்ஐ நரம்பைப் பார்க்க உதவும், எலும்புப் பாலத்தைப் பார்க்க அல்ல.

எலும்பு கூடத் தாமதிப்பவர்களில் புகைப்பவர்கள் முன்னிலையில் இருக்கிறார்கள். புகையிலையிலும் பெரும்பாலான மின்சிகரெட்டுகளிலும் உள்ள நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சிங்கப்பூரில் மின்சிகரெட் வைத்திருப்பதே 2018 முதல் குற்றம் என்பதால், அதைப் புகைப்பவர் மருத்துவரிடம் சொல்லத் தயங்குவார். சொல்லிவிடுவதே நல்லது, ‘நான் சிகரெட் தொடுவதில்லை’ என்ற பதில் எலும்புக்கு உதவாது. நீரிழிவும் கூடுவதைத் தாமதப்படுத்தும். இங்குள்ள இந்தியர்களிடம் அது சீனர்களைவிட அதிகம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரிலும் வைட்டமின் டி குறைபாடு அரிதல்ல. ஸ்டீராய்டு, நீண்ட நாள் வலிநிவாரணி மாத்திரைகள், மூன்றுக்கும் மேற்பட்ட முதுகெலும்பு அடுக்குகளை இணைத்திருப்பது ஆகியவையும் கணக்கில் சேரும்.

படமும் வலியும் எப்போதும் ஒத்துப்போகாது. கூடாமலே வலியின்றி வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். உறுதியாகக் கூடியும் பக்கத்து அடுக்கோ நரம்போ வலிக்கிறவர்களும் உண்டு. திருகாணி தளர்ந்து வலியும் இருந்தால், மறு அறுவைக்கு முன் தொற்று இருக்கிறதா என்று தேடியாக வேண்டும். மெதுவாக வளரும் கிருமிகள் காய்ச்சலே இல்லாமல், இரத்தப் பரிசோதனையில்கூடப் பிடிபடாமல் திருகாணியைச் சுற்றி ஒளிந்திருக்கும். அதனால்தான் திறக்கும்போது எடுக்கும் திசு மாதிரிகளைச் சில நாளில் முடித்துவிடாமல், இரண்டு வாரம்வரை வளர்த்துப் பார்க்கிறார்கள்.