உறைந்த சிறுநீரில் இருந்த வெள்ளிப் பதக்கம்

2008-ல் நடந்த போட்டிக்கு 2016-ல் பதக்கம் தருகிறார்களே, அத்தனை ஆண்டு கழித்து எதைக் கண்டுபிடித்தார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

சமோவாவின் பளுதூக்கும் வீராங்கனை எலே ஒபெலோங்கே பற்றிய கேள்வி அது. பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 75 கிலோவுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் அவர் தூக்கியது மொத்தம் 269 கிலோ. நான்காம் இடம். வெண்கலம் வாங்கிய கஜகஸ்தானின் மரியா கிரபோவெத்ஸ்காயா தூக்கியது 270. ஒரே ஒரு கிலோ! வெள்ளி உக்ரைனின் ஓல்கா கொரோப்காவுக்குப் போனது. அன்றைய சோதனையில் அவர்கள் இருவரும் சிக்கவில்லை. ஆனால் சிறுநீர் மாதிரிகளை உறைய வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள்.

மறுசோதனையில் இருவரிடமும் அகப்பட்டது டூரினாபோல், கிழக்கு ஜெர்மனியில் உருவான, தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனைச் சற்றே மாற்றிச் செய்தது. டெஸ்டோஸ்டீரோனை அப்படியே விழுங்கினால் கல்லீரல் அதைச் சிதைத்துவிடும். அதைத் தடுக்க, மூலக்கூறின் 17ஆம் கார்பனில் ஒரு மெத்தில் தொகுதியை (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) ஒட்டியிருந்தார்கள்.

இனி நடப்பதுதான் எனக்குப் பேரழகாகத் தெரிகிறது. கல்லீரல் சும்மா விடுவதில்லை. அதே கார்பனில் உள்ள ஹைட்ராக்சிலோடு (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) ஒரு சல்பேட்டைச் சேர்க்கிறது. சல்பேட் கழலும்போது அங்கிருந்த ஆக்சிஜனையும் இழுத்துக்கொண்டு போகிறது. உடனே, பக்கத்துக் கார்பனில் இருந்த மெத்தில் அந்த இடத்துக்குத் தாவுகிறது! இப்படி உருமாறிப் பிறக்கும் வளர்சிதைப் பொருள் ஒன்று உடலைவிட்டு மிக மெதுவாகத்தான் வெளியேறும். தாய் மருந்து மறைந்த பிறகும் வாரக்கணக்கில் சிறுநீரில் தென்படும். மாத்திரையைக் கல்லீரலிடமிருந்து காப்பாற்ற ஒட்டிய மெத்தில்தான் இந்தத் தாவலுக்கும் வழிசெய்கிறது. போதாததற்கு இதில் குளோரினும் உண்டு. நம் உடல் தானே தயாரிக்கும் ஸ்டீராய்டுகளில் குளோரின் கிடையாது; ஆகவே இது வெளியிலிருந்து வந்ததுதான்.

2008-ல் ஆய்வகங்கள் இந்தப் பொருளைத் தேடவில்லை. 2012-ல் மாஸ்கோ ஆய்வாளர்கள் இதை விவரித்து வெளியிட்டார்கள். எதைத் தேடுவது என்று தெரிந்துவிட்டால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு மிச்சம் எளிது: மூலக்கூறுக்கு மின்னூட்டம் கொடுத்து, உடைத்து, துண்டுகளின் நிறையைப் பார்த்து அடையாளம் சொல்லிவிடும்.

இருவரும் தகுதிநீக்கம் செய்யப்பட, ஒபெலோங்கே வெள்ளிக்கு உயர்ந்தார். சமோவாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். இடையில் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கமும் வென்றிருந்தார்.

பதக்கம் வாங்கித் தரும் பயிற்சிக்கு அரசுகள் கோடிகளைக் கொட்டுகின்றன. அதில் ஒரு பங்கை, ஒரு மெத்தில் எங்கே தாவுகிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் வேதியியலாளர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பேன். சிறுநீரைப் பத்தாண்டு உறைய வைத்தாலும், என்ன தேடுவது என்று சொல்ல அவர்கள்தான் வேண்டும்.