சைட்டேஷன்: மேற்கோளா, சான்றா?

ஒரு பாலிமர் (பிளாஸ்டிக், ரப்பர் போன்ற பொருள்) விஞ்ஞானியைப் பற்றிய குறிப்பை எடுத்தால், இத்தனை கட்டுரைகள், இத்தனை ஆயிரம் சைட்டேஷன் (மற்றவர்கள் தம் கட்டுரைகளில் அவர் கட்டுரையைச் சுட்டிய தடவைகள்), அதிலிருந்து கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் இவ்வளவு என்று எண்களாகவே இருக்கும். தமிழில் எழுதுகிறவர்கள் சைட்டேஷன் வரும் இடத்தில் 'மேற்கோள்' என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அகராதிப்படி தப்பில்லை, ஆனால் பொருந்துகிறதா என்றால் பாதிதான்.

மூலம் லத்தீன். 'சிட்டாரே' என்றால் விரட்டுவது, கூப்பிடுவது, வழக்கு மன்றத்துக்கு வரவழைப்பது. ஆங்கிலத்திலும் சைட்டேஷன் முதலில் சம்மன்தான். அமெரிக்காவில் போக்குவரத்துப் போலீஸ் கொடுக்கும் அபராதச் சீட்டுக்கு இன்றும் இந்தப் பெயர் உண்டு. ஆளை அழைப்பது என்பது பிறகு பழைய தீர்ப்பையும் பழைய நூலையும் சாட்சிக்கு அழைப்பது என்று விரிந்தது. அதை எண்ணிப் பட்டியல் போடும் பழக்கமும் வக்கீல்கள் வழியாக வந்ததுதான். எந்தத் தீர்ப்பைப் பிற்காலத்து எந்தத் தீர்ப்பு எடுத்தாண்டது என்று காட்டும் ஷெப்பர்ட் பட்டியல் 1873இலேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது, அதைப் பார்த்துத்தான் யூஜின் கார்ஃபீல்டு அறிவியலுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1955இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார், 1960களில் அதைச் செய்தும் காட்டினார்.

எச்-இண்டெக்ஸ் ரொம்பப் பிந்தியது. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. ஒருவருடைய கட்டுரைகளில் 40 கட்டுரைகள் தலா 40 தடவையாவது சுட்டப்பட்டிருந்தால், 41க்கு அப்படி அமையாவிட்டால், அவருடைய எண் 40. அவ்வளவுதான்.

இப்போது பாலிமர்காரர்களுக்கு வருவோம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கிஷிஷ்டோஃப் மத்தியஷெவ்ஸ்கி, பாலிமர் சங்கிலி கட்டுப்பாட்டோடு வளரும்படி செய்யும் ஒரு முறையை 1995இல் வெளியிட்டார். அவர் செம்பை வினையூக்கியாக வைத்துச் செய்தார், அதே வருஷம் கியோட்டோவில் மிட்சுவோ சவமோட்டோ ருத்தீனியத்தை வைத்து ஏறத்தாழ அதையே செய்தார். அந்த முறையைக் கையாளுகிற ஒவ்வொருவரும் இந்த இரண்டு பேரையும் சாட்சிக்கு அழைத்தாக வேண்டும், அதனால் மத்தியஷெவ்ஸ்கியின் கணக்கு லட்சத்தைத் தாண்டிப் போய்விட்டது. செய்முறை சொல்லும் கட்டுரைக்கும் மற்றவர்களின் ஆய்வைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரைக்கும் பொதுவாகவே சைட்டேஷன் வரவு அதிகம். மறுபக்கம் ஹெர்மன் ஷ்டாடிங்கர். பாலிமர் என்பதே நீண்ட சங்கிலி மூலக்கூறு என்று 1920இல் எழுதி, சக வேதியியலாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, 1953இல் நோபல் வாங்கியவர். இன்று பாலிமர் கட்டுரை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த 1920 கட்டுரையைச் சுட்டுவதில்லை. பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட உண்மைக்கு யார் சாட்சி கேட்பார்கள்? மொத்தத் துறையும் அவர் மேல்தான் நிற்கிறது, ஆனால் எண்ணில் அது தெரியாது. இந்த எண்ணை மட்டும் பார்த்துப் பதவி உயர்வு கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

சரி, தமிழ்ச் சொல். மேற்கோள் என்றதும் நமக்கு ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்துப் போடுவதுதான் நினைவுக்கு வரும். பாலிமர் கட்டுரையில் யாரும் யார் வாக்கியத்தையும் எடுத்துப் போடுவதில்லை, வாக்கியத்தோடு ஓர் எண் நிற்கும், கடைசியில் அந்த எண்ணுக்கு உரிய கட்டுரையின் பெயர் இருக்கும். நம் இலக்கண மரபு இந்த வேறுபாடுகளை நன்றாகவே அறியும். நூல் எழுதுவதற்கு நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் 'பிறன்கோட் கூறல்' ஒன்று, 'பிறநூல் முடிந்தது தானுடன் படுதல்' இன்னொன்று. அடுத்தவர் கொள்கையை எடுத்துச் சொல்வது வேறு, வேறு நூலில் முடிந்துபோன விஷயத்தை ஏற்றுக்கொள்வது வேறு. சைட்டேஷன் எண்ணிக்கை இரண்டையும் ஒன்றாகவே கூட்டும், கட்டுரையைத் திட்டிச் சுட்டினாலும் கணக்கில் ஒன்று ஏறும். தொல்காப்பியரின் 'என்மனார் புலவர்' (என்று சொல்வார்கள் புலவர்கள்) இன்னும் வேடிக்கை, யார் அந்தப் புலவர் என்று பெயரே இல்லை, அதனால் யாருடைய எச்-இண்டெக்ஸும் ஏறாது!

என் வழக்கம் இது: சைட்டேஷன் என்ற செயலுக்கு 'சான்று காட்டுதல்', பிறர் வாசகத்தை அப்படியே தருவதற்கு மட்டும் 'மேற்கோள்'. எண்ணிக்கையைச் சொல்லும்போது 'மேற்கோள் எண்ணிக்கை' ஏற்கெனவே பரவிவிட்டது, வாசகம் எதையும் யாரும் எண்ணப்போவதில்லை என்பதால் அங்கே குழப்பம் இல்லை, விட்டுவிடலாம். தன் கட்டுரையைத் தானே சுட்டிக்கொள்வது 'தற்சான்று'. எச்-இண்டெக்ஸுக்கு, விலைவாசிக்குச் சொல்வது போலவே 'எச்-குறியீட்டெண்'. அந்த 'எச்' எழுத்துக்குத் தமிழ் தேடி மெனக்கெட வேண்டாம்.