டப்லெட்: கில்ட்டுக்கு மேலே போடும் கோட்டுக்கு என்ன பெயர்?

ஸ்காட்லாந்துக் கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை இடுப்பைச் சுற்றி முழங்கால் வரை வரும் மடிப்புத் துணியான கில்ட் கட்டி, மேலே இடுப்போடு நின்றுவிடும் கறுப்புக் கோட் ஒன்று போட்டிருப்பார். அதை டப்லெட் என்பவர்கள் உண்டு, கோட்டீ என்பவர்கள் உண்டு, வாடகைக்கு விடும் கடைக்காரர் 'பிரின்ஸ் சார்லி' என்பார்.

முதலில் கில்ட். அது ஸ்காண்டிநேவிய மொழிகளின் பக்கமிருந்து வந்த சொல், துணியைத் தூக்கிச் செருகுவது என்று பொருள். வேட்டியை மடித்துக் கட்டுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். 'ஸ்காட்லாந்துப் பாவாடை' என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடலாம், கில்ட் என்றே இருக்கட்டும்.

டப்லெட் பிரெஞ்சிலிருந்து வந்தது, வேர் 'இரட்டை'. இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு திணித்துத் தைத்து, வீரர்கள் கவசத்துக்கு உள்ளே போட்ட உடுப்பு. பிறகு கவசம் இல்லாமலே எல்லாரும் போட்டார்கள். 1660களில் இரண்டாம் சார்ல்ஸ் அரசர் நீண்ட வெஸ்டை அரண்மனைக்குள் கொண்டுவந்த பிறகு இங்கிலாந்தில் டப்லெட் போயே போய்விட்டது.

ஸ்காட்லாந்து மலைநாட்டில் கதை வேறு. பழைய பெரிய கில்ட் என்பது ஒரே நீளத் துணி, இடுப்பில் பெல்ட் போட்டுக் கட்டி மிச்சத்தை மேலே தோளுக்கு இழுத்துவிடுவார்கள். இடுப்பைச் சுற்றி அவ்வளவு துணி மூட்டையாக இருக்கும்போது முழங்கால் வரை தொங்கும் கோட் எப்படி உட்காரும்? அதனால் ஜாக்கெட்டைக் குட்டையாகத் தைத்தார்கள். துணி குறைந்து சின்ன கில்ட் வந்த பிறகும் குட்டை மாறவில்லை, முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற பை மறையக் கூடாதே.

1746இல் கலோடன் போரில், ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணையில் ஏற்றப் போராடிய யாக்கபைட்டுகள் தோற்ற பிறகு மலைநாட்டு உடையையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள், 1782 வரை. ராணுவத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. இந்த விலக்குதான் முக்கியம் என்பது என் எண்ணம், ஏனென்றால் இன்றைய கில்ட் கோட்டுகளில் தோள்பட்டைப் பின்னல், வெள்ளிப் பொத்தான், கைமடிப்பு என்று பார்ப்பதில் பெரும்பகுதி சிப்பாய் உடுப்பின் வாசனை. 1822இல் நான்காம் ஜார்ஜ் அரசர் எடின்பரோவுக்கு வந்து அங்கே கில்ட் கட்டிக்கொண்டார், ஏற்பாடு நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். அதன் பிறகு அது பெரிய மனிதர்களின் விழா உடை ஆகிவிட்டது.

1855இல் பிரிட்டிஷ் ராணுவம் பின்னால் வால் வைத்த கோட்டீயைக் கைவிட்டு, மலைநாட்டுப் படைகளுக்கு இடுப்புக்குக் கீழே மடல்கள் தொங்கும் கோட் கொடுத்தது. அதற்கு வைத்த பெயர் டப்லெட்! பஞ்சும் இல்லை, இரட்டையும் இல்லை. கழுத்தருகே லேஸ் தொங்கும் ஷெரிஃப்மூர், பெல்ட் கட்டும் மாண்ட்ரோஸ் என்ற கோட் வகைகள் எல்லாம் இந்தப் பெயரில்தான் விற்கின்றன. ராணுவம் தூக்கிப்போட்ட கோட்டீயோ 20ஆம் நூற்றாண்டில் மாலை விருந்து உடையாகத் திரும்பி வந்தது: பட்டு லேப்பல் (மார்பில் மடிந்து கிடக்கும் காலர்), பின்னால் குட்டி வால், உள்ளே மூன்று பொத்தான் வெஸ்ட், போ டை. அதுதான் பிரின்ஸ் சார்லி. கலோடனில் யாக்கபைட்டுகளுக்குத் தலைவராக இருந்து 1788இலேயே செத்துப்போன இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் இதைக் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டார். பகலில் போடுவது ஆர்கைல் என்ற கோட், பட்டு கிடையாது, வேலைப்பாடும் குறைவு.

சரி, தமிழில்? கோட்டுக்கு 'மெய்ப்பை' என்ற நல்ல சொல் முல்லைப்பாட்டிலேயே இருக்கிறது, பாசறையில் காவல் நிற்கும் யவனர் போட்டிருந்த சட்டை அது, ஆக வெளிநாட்டுச் சிப்பாய் உடுப்புக்கு ஏற்கெனவே புழங்கிய சொல். கோட்டீ என்றாலே சின்ன கோட், எனவே 'குறுமெய்ப்பை' கச்சிதம். டப்லெட்டை 'இரட்டை மெய்ப்பை' ஆக்கினால் பழைய பஞ்சு உடுப்புக்குத்தான் பொருந்தும். 1855க்குப் பிந்தையதற்கு 'மடல் மெய்ப்பை' என்பேன், தொங்கும் மடல்தானே அதன் அடையாளம். பிரின்ஸ் சார்லியை மொழிபெயர்க்க வேண்டாம், அது கடைக்காரர் வைத்த பெயர்.